பெற்றோரிடம் அனுமதி கேட்கச் சொன்ன லேப்டாப்

புதுச்சேரி,
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை

அன்பு மகள் சங்கவிக்கு அம்மா நிர்மலா எழுதிக்கொள்வது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், கால் வீக்கம் வடிந்துவிட்டது, சளி இல்லை, பசி எடுக்கிறது, தூக்கமும் வருகிறது. அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை அருள்முருகனும் உன் வயிற்றில் வளரும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். நல்ல வார்த்தை இத்தோடு முடிந்தது. இனிமேல் வருவதெல்லாம் கோபம்தான், அதனால் முதலில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணிடம் இப்படியா கோபிப்பது என்று என் கூட்டாளி குஞ்சம்மாள் என்னைத் திட்டினாள். அவளுக்கு என்ன, அவள் பெண் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், கோபம் வந்தால் போய்க் கத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவாள். நான் எங்கே போய்க் கத்துவது? ஒரு வாரமாக நீ கூப்பிடும்போதெல்லாம் நான் போனை எடுக்காததும் இதனால்தான். போனில் பேசினால் நீ அழ ஆரம்பிப்பாய், உன் அழுகையைக் கேட்டதும் என் கோபம் கரைந்துவிடும், சொல்லவேண்டியது சொல்லாமலே போய்விடும். மெயிலில் எழுதலாம் என்றால் அதை எழுதும்போதே நீ எட்டிப் பார்ப்பாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஒட்டின கவரை உனக்கு முன்னால் யாரும் பிரிக்க முடியாது. பிளஸ் டூ முடித்த பிறகு இவ்வளவு நீளமாக நான் கையால் எழுதியதே இல்லை, விரல் வலிக்கிறது, அந்தக் கணக்கையும் உன் மேல்தான் எழுதியிருக்கிறேன்.

விஷயம் தவளக்குப்பம் வீடு. எனக்குக் கிடைக்காமல் போன அந்த வீட்டை யார் தட்டிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது சங்கவி. நீதான். எப்படித் தட்டிவிட்டாய் என்பதும் தெரிந்துவிட்டது. நீ இல்லை என்று சொல்லாதே, கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

பிள்ளைச்சாவடியில் நம் வீடு இருந்த நிலைமை உனக்குத் தெரியாததல்ல. நமக்கு முன்னால் இருந்த வரிசை வீடுகளைக் கடல் கொண்டுபோன பிறகு நாம்தான் முன்வரிசை ஆகிவிட்டோம். கருங்கல் கொட்டிப் பார்த்தார்கள், கல்லும் உள்ளே போகிறது. போன மழைக்குத் தோட்டத்துச் சுவர் விழுந்தது, இந்த மழைக்கு அடுப்படி விழும் என்று எல்லோரும் சொன்னார்கள். நீ என்ன சொன்னாய்? அதை அப்படியே விட்டுவிட்டு என்னோடு வந்துவிடு, இங்கேயே இருந்துவிடு என்றாய். நான் வருவேன், உன் பிரசவத்துக்கு வருவேன், பிள்ளையைக் குளிப்பாட்டிப் பத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். எனக்கு இங்கே தொழில் இருக்கிறது. விடியற்காலை துறைமுகத்தில் ஏலம் எடுத்து, வீட்டில் கழுவி வெட்டி, ஆர்டர் கொடுத்தவர்கள் வாசலுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். டூமா வீதி வெள்ளைக்கார மதாம் இன்னும் என் வஞ்சிரத்தைத் தவிர வேறு யாரிடமும் வாங்குவதில்லை. பிள்ளைச்சாவடியிலிருந்து தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு ஊரையே தாண்டி வரவேண்டியிருந்தது. தவளக்குப்பத்தில் இருந்தால் பக்கம், குஞ்சம்மாளின் மீன் கடையும் அங்கேயேதான். ஆதிலட்சுமி அம்மாவின் வீட்டில் முன்பக்கம் தனி அறை, தண்ணீர்க் குழாய், ஐஸ் பெட்டி வைக்க மேடைகூட இருந்தது. லேப்டாப்பில் தேடித் தேடி நானாகக் கண்டுபிடித்த வீடு. உன்னிடம் சொன்னால் தடுப்பாய் என்று தெரியும், பால் காய்ச்சிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அட்வான்ஸ் கொடுத்து, நாள் பார்த்து, பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்த நேரத்தில் அந்த அம்மா கூப்பிட்டு, "வேற ஆளுக்குப் பேசிட்டோம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அட்வான்ஸைத் திருப்பிக் கையில் வைத்தார்கள். காரணம் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்தத் தலைகுனிவுக்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டேன் தெரியுமா? மீன்காரி என்பதால் வீடு கொடுக்கவில்லை, வாடை வரும் என்று யோசித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இந்த ஊரில் அப்படிச் சொல்லி வீடு மறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், வேறு என்ன நினைப்பேன். வீட்டுக்கு வந்து கட்டின சாக்கை அவிழ்க்க மனம் இல்லாமல் அதன் மேலேயே சாய்ந்து அழுதேன். அதற்குப் பிறகு தவளக்குப்பம் சந்தையில் அந்த அம்மாவை எதிரில் பார்த்தபோது வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க மீனு மட்டும் உங்க சட்டில கொதிக்கலாம், நாங்க உங்க வீட்டுல இருக்கக்கூடாதா" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவர்கள் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று எனக்கு அது வெற்றியாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. நீ அங்கே உட்கார்ந்துகொண்டு செய்த காரியத்துக்கு இங்கே ஒரு நல்ல பெண்பிள்ளை சந்தையில் அவமானப்பட்டாள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். எல்லாம் ஆயுத பூஜையால் வந்தது. அரிவாள்மனை, கத்தி, தராசு, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஆர்டர் எடுக்கிற லேப்டாப்பும் தொழில் சாமான்தானே, அதற்கும் வைத்தேன். மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தால் நெற்றி மாதிரி மேலே நடுவில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது, பொட்டு வைக்க அதைவிட எடுப்பான இடம் ஏது, அதன் மேலேயே பெரிதாக வைத்தேன். அதுதான் கேமரா என்று எனக்கு நினைவே வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்ததும் பதறினாயே, "அம்மா, எல்லாம் செவப்பாத் தெரியுது, கேமரா போயிடுச்சு. மெஷினும் நகரவே மாட்டேங்குதுன்னு சொன்னியே, கடையில குடுத்து ஃபேக்டரி ரீசெட் போட்டுடு, புதுசு மாதிரி ஆயிடும்" என்று. நீ சொன்ன வேலைதான் சங்கவி. நீயே சொல்லித்தான், மழை ஓய்ந்து போன வாரம் நான் கடைக்குப் போனேன். சாமி குங்குமம் வேலை செய்துவிட்டது என்று குஞ்சம்மாள் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

மிஷன் வீதிப் பக்கம் ஒரு சந்தில் கோபிநாத் என்று ஒருவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், நம் வாடிக்கையாளர், நெத்திலி என்றால் உயிரை விடுவார். மூடியைத் திறந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாக்கா, கேமராவுக்கே பொட்டு வெச்சு உட்டுட்டீங்க" என்று ஈரத்துணியால் துடைத்தார், படம் பளிச்சென்று வந்தது. அத்தோடு எடுத்துக்கொண்டு வந்திருப்பேன், ஆனால் மெஷின் மெதுவாக இருக்கிறதே, நீயும் சொல்லியிருக்கிறாயே என்று ரீசெட் போடச் சொன்னேன். உன் அப்பா படகு இறக்கின அன்று எடுத்த வீடியோவை மட்டும் பென்டிரைவில் எடுத்து வாங்கி, முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன், அது போனால் எனக்கு வேறு பிரதி கிடையாது. அவர் ஏதோ பட்டனை அழுத்தினார், நீயும் அந்த நேரம் போனில் இருந்தாய், உள்ளே நுழையும்போது அங்கிருந்து நீ ஏதோ ஓகே கொடுத்தாய். பேங்கில் ஓடிபி வருகிற மாதிரி இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுத்தம் செய்யத்தானே கொடுத்தேன், இருந்த குப்பையைவிட அதிகக் குப்பை வந்திருந்தது. வைரஸைப் பிடிக்கிறேன் என்று ஒன்று, உங்களுக்கு ஆபத்து ஆபத்து என்று மூலையில் நின்று கத்திக்கொண்டே இருந்தது, பணம் கட்டினால்தான் வாயை மூடுமாம். நான் கேட்காத சீட்டாட்டம், நான் கேட்காத கடை, போட்டோவை அழகாக்குகிறேன் என்று ஒன்று, எந்த நடிகை எங்கே போனாள் என்று செய்தி சொல்ல ஒன்று. வவ்வால் மீனுக்கு ஆர்டர் எழுத உட்கார்ந்தால் குறுக்கே வந்து நிற்கும். அழிக்கப் பார்த்தேன், உனக்கு அதிகாரம் இல்லை, நிர்வாகியின் பாஸ்வேர்டு கொடு என்றது. என் லேப்டாப்பில் எனக்கு அதிகாரம் இல்லையாம். கம்பெனிக்காரன் திமிர் என்று நினைத்து, மறுநாளே அதைப் பையில் போட்டுக்கொண்டு கோபிநாத்திடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் சாவதானமாக, "ஃபேக்டரி செட்டிங்னா இதாங்கா. கம்பெனிக்காரன் உள்ள ஒரு தனி இடத்துல எல்லாத்தையும் மூட்டை கட்டி ஒளிச்சு வெச்சிருப்பான். ரீசெட் போட்டா அந்த மூட்டை திரும்ப அவுறும், அவ்ளோதான்" என்றார். காசு கொடுத்து வாங்கின பொருளுக்குள் அவன் சாமானை வைக்க அவன் யார் என்று கேட்டேன். உன் அப்பா பஞ்சநாதன் ஃபைபர் படகு வாங்கியபோது, செய்து கொடுத்தவன் தன் மச்சான் வலையையும் கூடையையும் உள்ளே போட்டு அனுப்பி, எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பாரா. படகோடு சேர்த்து அவனையும் கடலில் தள்ளியிருப்பார்.

கோபிநாத் அதற்கு வேறு வழி இருக்கிறது என்றார். கம்பெனி ஒளித்து வைத்த மூட்டையைத் தொடாமல், வெறும் விண்டோஸை மட்டும் இன்டர்நெட்டிலிருந்து ஒரு பென்டிரைவில் இறக்கி, அதை வைத்து மெஷினைக் கிளப்பி, உள்ளே இருக்கிற எல்லாப் பகுதியையும், அந்த ஒளித்து வைத்த இடத்தையும் சேர்த்து, துடைத்துவிட்டு, வெறும் தரையில் புதிதாக ஏற்றவேண்டுமாம். லைசென்ஸ் மெஷினிலேயே இருக்கிறதாம், தனியாக வாங்க வேண்டாமாம். வைஃபைக்கும் சவுண்டுக்கும் வேண்டிய டிரைவர் புரோகிராமை மட்டும் கம்பெனியின் இணையப் பக்கத்திலிருந்து பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம், கூட ஒட்டிக்கொண்டு வருவதை விட்டுவிடலாம் என்றார். அதைத்தானய்யா முதலிலேயே செய்திருக்கவேண்டும், எதற்கு என்னை இரண்டு தரம் பஸ் ஏற வைத்தீர் என்று கேட்டேன், சிரித்தார். நான் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒவ்வொரு பகுதியாகத் தொட்டு, அழிக்கவா என்று கேட்கக் கேட்க ஆமாம் ஆமாம் என்று அழுத்தினார். கடைசியில் எல்லாம் போய் ஒரே வெற்று இடம் என்று வந்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. வீட்டை ஒட்டடை அடித்து மெழுகின மாதிரி இருந்தது. மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை.

விண்டோஸ் ஏறி முடிந்தது. வெறும் நீலத் திரை, ஒரு குப்பை இல்லை. உள்ளே போக மெயில் ஐடி கேட்டது. நீ போன முறை வந்தபோது, "நீ ஒண்ணும் தொடவேணாம்மா, நானே எல்லாம் செட் பண்ணித் தர்றேன்" என்று உட்கார்ந்து செய்துகொடுத்தாயே, அந்த ஐடியும் பாஸ்வேர்டும் என் போன் கவருக்குள் எழுதி வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். அவர் அடித்தார். திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்தது. கோபிநாத் படித்தார், திரும்பவும் படித்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே படித்தேன். இது குழந்தைக் கணக்கு, மேலே போகப் பெற்றோரிடம் அனுமதி கேள் என்று இருந்தது. கீழே பெற்றோர் என்று உன் பெயர், சிரித்துக்கொண்டிருக்கிற உன் போட்டோ.

"இன்னாக்கா, உங்க பொண்ணு உங்களுக்கு அம்மாவா" என்று கோபிநாத் கேட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. பிறகு அவர்தான் குரலைத் தாழ்த்தி விளக்கினார். பெரியவர்கள் கணக்கு என்றால் அவர்கள் சம்மதிக்காமல் இப்படிக் கண்காணிக்க முடியாதாம், அதனால் என் பிறந்த வருஷத்தை மாற்றி, என்னைப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாகப் பதிந்திருக்கிறாயாம். நான் எதைத் தேடுகிறேன், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன், எவ்வளவு நேரம் பார்க்கிறேன் என்று வாராவாரம் உனக்கு ரிப்போர்ட் வருமாம். கம்பெனிக்காரன் வைத்த மூட்டை போய்விட்டது, நீ வைத்தது போகவில்லை. மெஷினை எத்தனை தரம் துடைத்தாலும் அந்த ஐடியில் நுழைந்த அடுத்த நிமிஷம் நீ வந்து நிற்பாய். அவன் என்னைக் கேட்காமல் வைத்தான், நீயும் என்னைக் கேட்காமல் வைத்தாய். அவன் யாரோ, லாபத்துக்கு வைத்தான். நீ நான் பெற்ற பெண்.

அந்த ரிப்போர்ட்டை நானும் பார்க்கலாம் என்று கோபிநாத் தன் மெஷினில் திறந்து காட்டிவிட்டு, பாவம், டீ வாங்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார். நான் ஒருத்தியாக உட்கார்ந்து பார்த்தேன். தவளக்குப்பம் வாடகை வீடு என்று தேடியது இருந்தது. ஆதிலட்சுமி அம்மா வீட்டு விளம்பரம் அவர்கள் போன் நம்பரோடு இருந்தது. கால் வீங்கினால் என்ன வியாதி என்று தேடியது இருந்தது. ஆவணியில் நீ திடீரென்று கூப்பிட்டு, அம்மா உனக்குக் கால் வீங்கியிருக்கா என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? யாரிடமும் நான் சொல்லவில்லை. எனக்கு அப்படியே சிலிர்த்துப்போனது. பெற்ற வயிற்றுக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன், பிறந்த பிள்ளைக்கும் கடல் தாண்டித் தெரிகிறதே என்று குஞ்சம்மாளிடம் எத்தனை பெருமையடித்தேன். அவள் கண்ணே கலங்கிவிட்டது. அது பாசம் இல்லையாம் சங்கவி, ரிப்போர்ட்டாம். இன்னொன்றும் அதில் இருந்தது. உன் அப்பா படகு இறக்கும் வீடியோவை எந்தெந்த நாள் எவ்வளவு நேரம் ஓடவிட்டேன் என்று. அதைத் தனியாக இருக்கும்போதுதான் போட்டுப் பார்ப்பேன், யாராவது வந்தால் மூடிவிடுவேன். அதையும் நீ அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். மற்றதெல்லாம் மன்னித்துவிடலாம் போல இருக்கிறது, இதை மட்டும் முடியவில்லை.

அங்கிருந்து நேராகத் தவளக்குப்பம் போனேன். ஆதிலட்சுமி அம்மா கதவைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் போனார்கள், மறுபடி கத்த வந்திருக்கிறாள் என்று. நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு யார் போன் செய்தது என்று மட்டும் கேட்டேன். "உங்க பொண்ணுதான்மா. எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல, தனியா உட்டா ஆபத்து, கொஞ்ச நாள்ல நான் கூப்பிட்டுக்குவேன், வீடு குடுக்காதீங்கன்னு அழுதுச்சு. உங்ககிட்ட சொல்லாதீங்கன்னும் சத்தியம் வாங்கிடுச்சு. அதான் வேற ஆளுன்னு பொய் சொன்னேன்" என்றார்கள். நான் சந்தையில் அத்தனை பேச்சு பேசியும் அந்தச் சத்தியத்துக்காக வாயைத் திறக்கவில்லை பார். வேறு ஆளும் இல்லை ஒன்றும் இல்லை, வீடு அன்றிலிருந்து பூட்டித்தான் கிடந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் மோர் கொடுத்தார்கள். நீயும் அவர்களுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்கவேண்டும், நம்பர்தான் உன்னிடம் இருக்கிறதே.

உனக்கு ஒன்று நினைவுபடுத்துகிறேன். நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் படித்தபோது உன் சித்தப்பா வந்து, பெண்பிள்ளை கையில் போன் இருக்கிறது, லீவுக்கு வரும்போது வாங்கிப் பாருங்கள் என்று உன் அப்பாவிடம் ஓதினார். உன் அப்பாவுக்கும் கொஞ்சம் மனசு ஆடியது. என் பெண் போனைத் தொட்டால் இந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று சொன்னது நான்தான். உன் மேசை டிராயரை நான் இழுத்துப் பார்த்தது கிடையாது. நீ அறைக்கதவைச் சாத்தியிருந்தால் தட்டாமல் நுழைந்தது கிடையாது, சாப்பாட்டுத் தட்டோடு நின்று தட்டியிருக்கிறேன். அருள்முருகன் விஷயம் எனக்கு முன்பே தெரியும், உன் முகமே சொல்லிவிட்டது, ஆனாலும் நீயாக வாய் திறக்கும் வரை நான் கேட்கவில்லை. காத்திருந்தேன். காத்திருப்பது சும்மா இருப்பதல்ல, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது. அதைச் செய்தேன். அதையெல்லாம் பார்த்து வளர்ந்த நீ, படித்துப் பெரிய வேலைக்குப் போன நீ, எனக்கு இதைச் செய்வாய் என்று சத்தியமாக நான் எதிர்பார்க்கவில்லை.

நீ ஏன் செய்தாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. உன் அப்பா வலை பின்னிக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது நான் டவுனில் மீன் கொடுத்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் ஒருவரும் இல்லை. அது உன் மனசில் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது. அம்மாவும் அப்படிப் போய்விட்டால் என்று பயம். பயம் வந்தால் கேள், கண்ணு. தினம் கேள், பத்து தரம் கேள், சலித்துக்கொண்டே பதில் சொல்லுவேன். கால் வீங்கியது என்று நான் உன்னிடம் சொல்லாதது தப்புதான், இனிமேல் சொல்கிறேன், டாக்டரிடம் போனேன், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார், உப்பைக் குறைக்கச் சொன்னார், கருவாட்டை நிறுத்தச் சொன்னார், அது மட்டும் முடியவில்லை. ஆனால் பயத்தின் பெயரைச் சொல்லி என் வாழ்க்கையை என் முதுகுக்குப் பின்னால் நடத்தாதே. என் தலை நரைத்தது உனக்குப் பிள்ளை ஆவதற்கு அல்ல.

இப்போது லேப்டாப் எப்படி இருக்கிறது என்றால், அந்த ஐடியைக் கோபிநாத் எடுத்துவிட்டார், மெஷினை மறுபடி முதலிலிருந்து துடைத்து, ஐடி எதுவும் இல்லாமல் மெஷினுக்குள்ளேயே ஒரு கணக்குத் திறந்தோம். பிறகு மெயிலுக்கென்று நானே ஒன்று உருவாக்கினேன். பிறந்த வருஷம் கேட்ட இடத்தில் என் வருஷத்தை நானே அடித்தேன். பாஸ்வேர்டு என் மண்டையில் இருக்கிறது, எங்கேயும் எழுதவில்லை. மெஷின் குதிரை மாதிரி ஓடுகிறது. கத்துகிற வைரஸ்காரன் இல்லை, நடிகை இல்லை, நீயும் இல்லை. நான் அங்கே வருவதற்கான விசா பேப்பரை அனுப்பு, நானே உட்கார்ந்து நிரப்புகிறேன், தெரியாததைக் கேட்கிறேன். மாசி மாதம் பிரசவத்துக்கு வருகிறேன். போக டிக்கெட் எடுக்கும்போதே வர டிக்கெட்டும் சேர்த்து எடுக்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல். வரும்போது பிரசவ மருந்து, சுக்கு, பூண்டு எல்லாம் கட்டிக்கொண்டு வருகிறேன், பால்சுறா அங்கே கிடைக்குமா என்று மட்டும் விசாரித்து வை, பால் சுரக்க அதைப்போல ஒன்றும் இல்லை. குளிரில் வெறும் காலோடு தரையில் நடக்காதே. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே. நீ செய்த இந்தக் காரியம் அருள்முருகனுக்குத் தெரியாது என்றால் தெரியவேண்டாம், இது நமக்குள் இருக்கட்டும். குலதெய்வத்துக்கு முடிந்து வைத்த மஞ்சள் துணியை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், வயிற்றில் ஒற்றித் தலைமாட்டில் வை. தாயும் பிள்ளையும் வேறு வேறாகி, நீ தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு, நினைத்ததெல்லாம் கைகூடி இருக்கவேண்டும்.

பிறக்கப்போகிற பிள்ளையை எப்படி வேண்டுமானாலும் வளர்த்துக்கொள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அதற்கும் ஒருநாள் ஒரு கதவு வேண்டியிருக்கும். அன்று தட்டக் கற்றுக்கொள்.

மார்கழி பிறந்தால் குடி போகக்கூடாது என்பதால் உன்னைக் கேட்கவில்லை. நேற்றுக் காலை உப்பும் மஞ்சளும் நிறைகுடமுமாக உள்ளே வந்து பால் காய்ச்சிவிட்டேன். ஆதிலட்சுமி அம்மாவும் குஞ்சம்மாளும் கோபிநாத்தும் வந்திருந்தார்கள், உன் அப்பா போட்டோவை முன்னறையில் மாட்டியிருக்கிறேன். இந்தக் கடிதம் அந்த வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். ஒளித்துப் பார்க்க வேண்டாம், விலாசத்தை நானே கீழே எழுதியிருக்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வா. வந்து கதவைத் தட்டு. நான் திறக்கிறேன்.

கோபம் குறையாத, பாசமும் குறையாத
உன் அம்மா,
ப. நிர்மலா
ஆதிலட்சுமி அம்மா வீடு, சந்தைக்குப் பின்தெரு,
தவளக்குப்பம், புதுச்சேரி